டார்கஸ் மத்தூஷும் பெரிய ஃபிரிட்ஜும்

டார்கஸ் மத்தூஷுக்கு நான் அத்தை மகன். கனடாவின் வடக்கத்திப் பழங்குடிகளான எங்கள் க்ரீ ஜனங்களில் இந்த முறை உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி பேசலாம். கோபித்துக்கொள்கிறவர்தான் மானம் கெட்டவர். ஆகவே நான் சொல்லப்போவதில் பாதி அவளைப் பற்றிய கேலியாக இருந்தால் அது என் உரிமை. மீதிப் பாதி எங்கள் ஊரைப் பற்றியது. அதிலும் கேலிதான் அதிகம். ஊர் அதற்கு முழுத் தகுதி உடையது.

எங்கள் ஊர் வாபுஷ் ஏரி. இப்போது இருக்கும் இடத்தில் அது முதலில் இல்லை. ஏரிக்கு அக்கரையில் இருந்தோம். அங்கே மண்ணுக்குள் செம்பு இருக்கிறது, எழுந்திருங்கள் என்றார்கள். எழுந்து மேற்கே போனோம். செம்பு எடுத்த கழிவைக் கொட்ட இந்த இடம்தான் தோது, எழுந்திருங்கள் என்றார்கள். மறுபடி எழுந்தோம். செம்பு தீர்ந்து கம்பெனி போன பிறகு, பாவம் இந்த மக்கள் இத்தனை நாள் எங்கே இருந்தார்கள் என்று அரசாங்கம் அதிகாரிகளை அனுப்பித் தேடியது.

இரண்டாவது முறை எழுந்தபோது டார்கஸ் சிறுமி. வீட்டை இடிக்க புல்டோசர் வந்து நிற்கிறது. அவள் அப்பா துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். சுடுவதற்கு இல்லை, அது இல்லாமல் குளிர்காலத்தில் சோறு கிடையாது. அவள் அம்மா எமிலி கெட்டிலையும், மாவு மூட்டைத் துணியில் சுற்றிய ஒரு மணிக்குல்லாவையும் எடுத்துக்கொண்டு வந்தாள். கருப்புக் கம்பளித் துணியில் தைத்து, முதுகுவரை தொங்கும் குல்லா. அதன் மேல் வெள்ளையும் நீலமும் சிவப்புமாகப் பாசிமணியில் கொடியும் பூவும். அதைத் தைத்தவள் எமிலிக்கும் எத்தனையோ தலைமுறை முந்தியவள். பெயர்கூட யாருக்கும் தெரியாது.

பிறகு டார்கஸைத் தெற்கே விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே முடியை வெட்டினார்கள், க்ரீ பேசக்கூடாது என்று பேச்சையும் வெட்டினார்கள். முடி பழையபடி வளர்ந்தது. பேச்சு வளர்ந்ததற்கு மட்டும் அளவே இல்லை. திரும்பி வந்தவள் சுரங்கத்துக் கேன்டீனில் சமைத்தாள், பிறகு ஆஸ்பத்திரியில் துணி வெளுத்தாள். ஜோனாஸ் என்ற வேட்டைக்காரனைக் கட்டிக்கொண்டாள். அவன் நல்லவன், பேசும் வேலையை முழுக்க அவளிடம் ஒப்படைத்துவிட்டு, காட்டில் நீர்நாய் பிடித்துக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்து, நிம்மதியாகச் செத்தான்.

எங்களுக்கு ஒருவழியாக நிரந்தரமாக ஒரு ஊர் கட்டிக் கொடுத்தபோது, நடுவில் ஒரு பண்பாட்டு நிலையமும் எழும்பியது. எங்கள் நீள்கூடாரத்தின் வடிவத்தில், உயர்ந்த மரத்தூண்களோடு, பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். கொதிகலன், காற்று வடிகட்டி, கூரைப் பனி எல்லாம் என் பொறுப்பு. திறப்பு விழாவுக்கு மந்திரி விமானத்தில் வந்தார். ரிப்பனுக்குப் பதிலாக, பண்பாடு அல்லவா, மூஸ் மானின் பதனிட்ட தோலைக் கீறிக் கட்டியிருந்தார்கள். மந்திரியின் தங்கக் கத்தரிக்கோல் அதில் பல்லைக் கூடப் பதிக்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டே நெடுநேரம் போராடினார். கடைசியில் என் மீன் கத்தியைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. மறுநாள் படத்தில் கத்தி இருந்தது, என்னை வெட்டிவிட்டிருந்தார்கள்.

டார்கஸ் அன்றே அந்தக் கட்டடத்துக்குப் பெயர் வைத்தாள். உள்ளே பொருள் வைக்கும் அறையை எப்போதும் ஒரே குளிரில் வைத்திருக்க வேண்டும் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"அப்ப அது பெரிய ஃபிரிட்ஜுனு சொல்லு மச்சான்," என்றாள். "உயிரோட இருக்கிறதையா ஃபிரிட்ஜுல வைப்பாங்க?"

அதற்குப் பிறகு ஊரில் எவரும் அதை நிலையம் என்று சொல்லவில்லை. தபால்காரி உட்பட எல்லோருக்கும் அது ஃபிரிட்ஜ்.

நிலையத்தின் இயக்குநர் க்ளெமென்ட் லாங்சாப். எங்கள் ஊர்ப் பையன்தான். தெற்கே பெரிய படிப்புப் படித்துவிட்டு, கழுத்தில் மெல்லிய துணி சுற்றிக்கொண்டு வந்தான். கோடையிலும் சுற்றிக்கொள்வான். "பகிர்தல்" என்ற சொல் அவன் வாயில் இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. எல்லாவற்றையும் பகிர வேண்டும் என்பான். ஆனால் எதையும் தொடக்கூடாது என்று மூன்று மொழியில் பலகை மாட்டியிருந்தான். பொருள் அறைக்குள் நுழைந்தால் கையுறை. நான் வடிகட்டி மாற்றப் போனாலும் கையுறை. என் அப்பா செய்திருக்கக் கூடிய பனிக்காலணியை நான் ரப்பர் கையோடுதான் நகர்த்த வேண்டும். ஊர் இதை வைத்துப் பல நாள் சிரித்தது.

ஒரு கோடையில் க்ளெமென்டுக்கு ஒரு யோசனை வந்தது. முன்கூடத்தில் தளிர்க் கிளைகள் பரப்பி, மின்சாரத்தில் சிவக்கும் ஒரு பொய் அடுப்பை வைத்து, அதன் அருகே டார்கஸ் உட்கார்ந்து தைக்க வேண்டும், வருகிறவர்கள் பார்ப்பார்கள். பகிர்தல். அவளும் ஒப்புக்கொண்டாள். வெளியே வெயில், உள்ளே குளுகுளு என்பது மட்டும்தான் காரணம்.

முதல் நாளே தெற்கிலிருந்து ஒரு கும்பல் வந்தது. கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிய ஒரு பெண்மணி டார்கஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் கேட்டாள்: "இவங்க நிஜ ஆளா?"

டார்கஸ் ஊசியை நிறுத்தவில்லை. "இல்லம்மா. மெழுகு. வேணும்னா தொட்டுப் பாரு."

அந்தப் பெண்மணி உண்மையாகவே விரலை நீட்டினாள். டார்கஸ் கூடமே அதிரக் கத்தினாள்: "தொடாதே! பலகையப் படிக்கல? மூணு பாஷைல போட்டிருக்கானே, ஒண்ணு கூடவா தெரியாது?"

பெண்மணி அலறிப் பின்வாங்கி, கனடா வாத்து ஒன்றின் பாடம் செய்த உடல் மீது சாய்ந்தாள். வாத்தின் கழுத்து உடைந்தது. அன்றோடு டார்கஸின் பகிர்தல் முடிந்தது.

இதற்கெல்லாம் பிறகும் க்ளெமென்ட் அவளை விடவில்லை என்றால் அதற்குக் காரணம் அந்த மணிக்குல்லா. அப்படிப்பட்ட குல்லாக்கள் தெற்கேயும் கடல் கடந்தும் உள்ள அருங்காட்சியகங்களில் சில இருக்கின்றனவாம். எங்களிடம் மிஞ்சியது இது ஒன்றுதான். அதை டார்கஸ் எங்கே வைத்திருந்தாள்? தலையில். எங்கே போட்டுக்கொண்டு போனாள்? வியாழக்கிழமை பிங்கோவுக்கு, எண் கூப்பிட்டு அட்டையில் அடிக்கும் பந்தய ஆட்டத்துக்கு. அதிர்ஷ்டமாம். நான் பார்த்த வரையில் அந்தக் குல்லாவோடு அவள் ஜெயித்ததெல்லாம் ஒரு டோஸ்டர்.

பிங்கோ கூடத்தில் உருளைக்கிழங்கு வறுவலின் எண்ணெய்ப் புகை மிதக்கும். அந்தப் புகைக்குள் குல்லா அசைவதைக் க்ளெமென்ட் வாசலில் நின்று பார்ப்பான். பெற்ற பிள்ளை நெருப்புப் பக்கம் தவழ்வதைப் பார்க்கும் முகம். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கேக் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவான். அவள் கேக்கை வாங்கி வைத்துக்கொள்வாள்.

"அத்தை, அது உங்களோடது மட்டும் இல்ல. நம்ம எல்லாரோடதும்."

"அப்படியா? போன குளிர்ல என் வீட்டுக் குழாய் உறைஞ்சு வெடிச்சுதே, அது யாரோடது? அப்ப எல்லாரும் எங்கடா போயிருந்தீங்க?"

"வெளிச்சம் பட்டா நிறம் போயிடும் அத்தை. வேர்வை பட்டா நூல் இத்துப்போயிடும்."

"எங்க அம்மா வேர்வை அதுல இருக்கு. அவ அம்மா வேர்வையும் இருக்கு. வேர்வை போகாம இருக்கிறதுக்குத்தான் நான் போட்டுக்கிறேன். உன் ஃபிரிட்ஜுல வெச்சா அதுக்கு ஜலதோஷம் பிடிக்கும். போ, போகும்போது கதவைச் சாத்து, கொசு வருது."

இப்படி ஆறேழு வருஷம் ஓடியது. ஊரில் பாதிப் பேர் அவளைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். பாதிப் பேர் அவனைப் பிச்சைக்காரன் என்றார்கள். நான் கேக் இருக்கும் பக்கம்.

பிறகு அந்த ஜூன் மாதம் வந்தது. வசந்தத்தில் மழையே இல்லை. பாசி, காலடியில் அப்பளமாக நொறுங்கியது. மழை இல்லாமல் இடி மட்டும் வந்து விழுந்ததில் வடமேற்கே காடு பற்றிக்கொண்டது. சில நாளில் சூரியன் முட்டை மஞ்சள் போல் ஆகிவிட்டது. நேராகப் பார்க்கலாம், கண் கூசாது. ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்த பிங்கோ ஆட்டம் நின்று அறிவிப்பு வந்தது: எல்லோரும் ஊரைக் காலி செய்ய வேண்டும், வண்டி உள்ளவர்கள் உடனே கிளம்புங்கள், இல்லாதவர்கள் விளையாட்டுக் கூடத்துக்கு வாருங்கள், தெற்கிலிருந்து பஸ் வருகிறது.

நாங்கள் எழுந்திருங்கள் என்ற சொல்லுக்குப் பழகிய ஜனம். வண்டி உள்ளவர்கள் கிளம்பிவிட்டார்கள். என் வண்டியில் என் மகளும் அவள் குழந்தைகளும் ஏறிப் போனார்கள். நான் கொதிகலன் அறையைப் பூட்டும் வரை இருக்க வேண்டும் என்று க்ளெமென்ட் கேட்டுக்கொண்டான். கூடத்தில் மிஞ்சியவர்கள் யார்? வண்டி இல்லாதவர்கள், வயதானவர்கள், சீக்காளிகள். அதாவது எல்லோருக்கும் முன்னால் போயிருக்க வேண்டியவர்கள்.

பஸ் வரவில்லை. வேறொரு ஊருக்கு முதலில் போயிற்று என்றார்கள். சாலையில் தடுத்துவிட்டார்கள் என்றார்கள். விமானம் புகையில் இறங்க முடியாது என்றார்கள்.

ஆனால் லாரி வந்தது. சொன்ன நேரத்துக்கு, பளபளவென்று, வெள்ளை வெளேர் என்று வந்தது. நிலையத்துக்கு. எங்கள் பழைய பொருட்களில் பாதியை நீண்ட நாள் கடனாகக் கொடுத்திருந்த தெற்கத்தி அருங்காட்சியகம் ஒன்று, ஆபத்து வந்தால் அவற்றை உடனே அப்புறப்படுத்த வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அதற்காகத் தனி லாரி. உள்ளே ஒரே குளிர், வடிகட்டிய காற்று, அதிராத அடித்தளம். நான் உள்ளே ஏறிப் பார்த்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான காற்றை நான் சுவாசித்ததில்லை. வெளியே சாம்பல் பனிபோல் விழுந்துகொண்டிருந்தது.

நானும் க்ளெமென்டும் இன்னும் இருவரும் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தோம். அப்போது தெருமுனையில் டார்கஸ் தெரிந்தாள். தலையில் மணிக்குல்லா, வாயில் ஈரத்துணி. சைலஸ் வாயேஜரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். சைலஸ் பிங்கோவில் அவளுக்கு ஜன்ம விரோதி. சுவாசப்பையில் சுரங்கத் தூசி, மடியில் ஆக்ஸிஜன் உருளை. அவனுக்குப் பின்னால் கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும், ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி. கெய்லா என்ற இளம்பெண் பிறந்து சில வாரமே ஆன குழந்தையைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டிருந்தாள்.

டார்கஸ் லாரியின் பின்கதவுக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தினாள். சைலஸின் மூச்சு விசிலடித்தது.

"இவனை ஏத்து," என்றாள்.

க்ளெமென்டின் முகம் வெளுத்துவிட்டது. "அத்தை, பஸ் வருது. இது... இதுல ஆள் ஏறக்கூடாது. ஒப்பந்தம். இன்ஷூரன்ஸ்."

"அந்தப் பெட்டில என்னடா?"

"மத்தளம்."

"அதுக்கு மூச்சுத் திணறுதா?"

அவன் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைத் திரும்பப் படித்தான்.

"கேக்குறேன்ல. மத்தளத்துக்கு இருமல் வருதா? இந்தப் பெட்டில காலணி. அதுக்கு நெஞ்சு வலிக்குதா? இவன் அப்பன் செஞ்ச மத்தளம் ஏசில போகும், இவன் இங்க புகையில கிடந்து சாகணும். அப்புறம் நீ மத்தளத்தைக் கண்ணாடிக்குள்ள வெச்சு, கீழ 'இதைச் செஞ்ச ஜனங்க இப்ப இல்ல'ன்னு எழுதிடுவ. வேலை சுலபம்!"

சைலஸ் முகமூடியை விலக்கி, "என் பேரை ஒழுங்கா எழுதச் சொல்லு, போன தடவ தப்பாப் போட்டான்," என்றான். சாகக் கிடக்கிற நேரத்திலும் அவனுக்கு அதுதான்.

க்ளெமென்ட் தெற்கே போன் செய்து பார்த்தான். போன் கோபுரம் எரிந்துவிட்டது போலும், மணியே போகவில்லை. டார்கஸ் அதற்குள் லாரிக்குள் ஏறிவிட்டாள். உள்ளே இருந்ததைக் கண்ணால் அளந்தாள். பிறகு ஒரு பெரிய தட்டைப் பெட்டியின் துணியை இழுத்தாள். அது எங்கள் தலைவர் ஆப்னரின் எண்ணெய் ஓவியம், ஆளுயரம். அதற்குப் பின்னால் நன்கொடையாளர் பெயர் பொறித்த பித்தளைப் பலகை. அதற்கும் பின்னால் அலுவலக ஜெராக்ஸ் மெஷின்.

இவற்றை ஏற்றச் சொன்னது க்ளெமென்ட் இல்லை. காலையில் வண்டியேறிப் போகும்போது ஆப்னர்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனால் ஏற்றியது நாங்கள். நான் தரையைப் பார்த்தேன்.

டார்கஸ் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இதுவும் நம்ம பாரம்பரியமாடா, க்ளெமென்ட்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

க்ளெமென்ட் கழுத்துத் துணியை அவிழ்த்தான். அதை வாயில் கட்டிக்கொண்டு மேலே ஏறி, ஆப்னரின் ஓவியத்தை ஒரு பக்கம் பிடித்தான். "ரூபன் மாமா, அந்தப் பக்கம் பிடிங்க," என்றான் என்னிடம்.

இறக்கினோம். ஓவியம், பலகை, மெஷின், நாற்காலிகள், வண்ணக் கையேடுகள் நிரம்பிய அட்டைப்பெட்டிகள் எல்லாவற்றையும் வாசலில் போட்டோம். அந்த இடத்தில் ஆட்களை ஏற்றினோம். லாரி ஓட்டுநர் தெற்கத்திக்காரன். சட்டப்படி தப்பு, லைசென்ஸ் போய்விடும் என்றான். கெய்லாவின் குழந்தை இருமியது. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு கிழட்டு இருமல். அவன் திரும்பி நின்று சிகரெட் பற்றவைத்தான், அந்தப் புகையில். "நான் எதையும் பாக்கல. சீக்கிரம் கதவை மூடுங்க," என்றான்.

காற்று விசிறியை யாராவது கவனிக்க வேண்டும் என்பதால் நானும் உள்ளே ஏறினேன். க்ளெமென்ட் பெட்டிகளோடு ஏறினான். அந்தப் பயணம் பிற்பகல் முழுக்க ஓடியது. சாலையின் இருபுறமும் நெருப்பு என்று ஓட்டுநர் பிறகு சொன்னான். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கூரையில் ஒரு சிறு விளக்கு, குலுங்கல், சைலஸின் விசில். காற்று நன்றாக இருந்தது. ஆனால் குளிர். மத்தளத்துக்கு ஏற்ற குளிர். வெளியே கொதிக்கும் வெக்கையில் பனியனோடு வந்தவர்கள் பல்லைக் கடித்தார்கள். குளிரைக் குறைக்கும் பொத்தான் ஓட்டுநர் பக்கம் இருந்தது. நான் சுவரைத் தட்டித் தட்டிக் கை வீங்கிற்று. அவன் நிற்கவில்லை. நின்றிருந்தால் எரிந்திருப்போம்.

குழந்தையின் உதடு நீலமாகத் தொடங்கியது. டார்கஸ் பெட்டிகளின் மேல் ஒட்டியிருந்ததைப் படித்துக்கொண்டே போய் ஒன்றில் நின்றாள். முயல்தோல் போர்வை. எங்கள் பெண்கள் தோலைக் கயிறாக முறுக்கிப் பின்னுவார்களே, அது. உலகத்தில் அதைவிடச் சூடானது கிடையாது. அவள் கொக்கியைத் திறந்து கையை உள்ளே விடப் போனாள்.

"தொடாதீங்க!" க்ளெமென்ட் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"விடுடா! குழந்தை சாகுது, உனக்கு இப்பவும் பலகையா?"

"அத்தை, அதுல விஷம் இருக்கு!"

அவள் கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"பூச்சி அரிக்கக் கூடாதுன்னு அந்தக் காலத்துல தெற்க மியூசியங்கள்ல ஆர்செனிக் தூவி வெச்சிருக்காங்க. போர்வை, கோட்டு, இறகு வெச்சதெல்லாம். கழுவினாலும் போகாது. குழந்தைக்குப் போர்த்தினா..." அவன் முடிக்கவில்லை.

"அப்ப கையுறை?" என்றேன் நான்.

"அது பொருளைக் காப்பாத்த இல்ல மாமா. உங்களைக் காப்பாத்த."

டார்கஸ் அவனையே பார்த்தாள். "இத ஏன்டா இத்தனை வருஷம் சொல்லல?"

"சொன்னா ஒருத்தரும் உள்ள காலெடுத்து வெக்க மாட்டீங்கன்னு பயந்தேன். திரும்பி வந்ததே பெருசு, அதுவும் இப்படி வந்திருக்குன்னு எப்படிச் சொல்றது?"

அவன் அழுதானா என்று வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை. இத்தனை நாள் அவனுடைய கையுறையைப் பார்த்துச் சிரித்த வாய்களில் என் வாயும் ஒன்று. சிரிக்கவிட்டு, எங்களைத் தொடாமல் வைத்திருந்தான். சொல்லத் துணிவில்லாத அக்கறை. அதற்கும் நான் மதிப்பெண் போடமாட்டேன்.

"நல்லாப் பத்திரப்படுத்தியிருக்கான்," என்றாள் டார்கஸ். "நம்ம போர்வை நம்மளையே கொல்ற மாதிரி."

அவள் பெட்டியைச் சாத்தினாள். தலையிலிருந்து மணிக்குல்லாவைக் கழற்றி உதறினாள். வறுவல் எண்ணெயும் வேர்வையும் கலந்த வாடை வந்தது. குழந்தையைக் கெய்லாவிடமிருந்து வாங்கி, தலையிலிருந்து கால்வரை குல்லாவுக்குள் இறக்கினாள். ஆள் முழுசும் உள்ளே போய்விட்டது. மூக்கு மட்டும் வெளியே. பிறகு தன் சட்டைப் பொத்தானைத் திறந்து, குல்லாவோடு சேர்த்து நெஞ்சில் அணைத்துக்கொண்டாள்.

"இதை எவனும் பத்திரப்படுத்தல," என்றாள், க்ளெமென்டைப் பார்க்காமல். "அதான் சுத்தமா இருக்கு."

கொஞ்ச நேரத்தில் குழந்தைக்கு நிறம் வந்தது. பிறகு அது குல்லா முழுக்கப் பாலைக் கக்கியது.

தெற்கே ஒரு நகரத்தின் ஹாக்கி அரங்கில் எங்களுக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். அங்கே கழிவறையின் கைகழுவும் தொட்டியில், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால், அந்தக் குல்லாவின் ஒவ்வொரு மணியையும் சுற்றிப் பால் கறையை ஒற்றி எடுத்தவன் க்ளெமென்ட். கையுறை இல்லாமல். டார்கஸ் வாசலில் கை கட்டி நின்று, "அங்க விட்டுட்ட பாரு, கண்ணு எங்க இருக்கு உனக்கு?" என்று மேற்பார்வை பார்த்தாள்.

சில வாரங்களில் மழை பெய்தது. காற்றும் திரும்பிக்கொண்டது. ஊர் எரியவில்லை. காட்டில் ஜோனாஸ் கட்டிய வேட்டைக் குடிசை மட்டும் எரிந்துபோயிற்று. டார்கஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நிலையத்து வாசலில் போட்டுவிட்டுப் போன பித்தளைப் பலகை கறுத்துக் கிடந்தது. ஆப்னரின் ஓவியத்தின் மேல் யாரோ நாற்சக்கர மோட்டார் சைக்கிளை ஓட்டியிருந்தார்கள். சரியாக மூக்கின் மேல். ஊர் முழுக்க அப்போது வெளியே இருந்ததால் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தீயணைப்புக்காரர்களின் ரசனை என்று நினைத்துக்கொண்டோம்.

தெற்கத்தி அருங்காட்சியகம் சும்மா இருக்கவில்லை. பொருட்களோடு ஆட்களை ஏற்றியது ஒப்பந்த மீறல். இயக்குநரை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் கடன் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்றது. ஊர்க்கூட்டம் கூடியது. ஆப்னர் நெடுநேரம் பேசினார். கூட்டுறவு, நம்பகத்தன்மை, எதிர்காலம். ஓவியத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மூச்சுக்கு மூச்சு அதுதான் தெரிந்தது. க்ளெமென்ட் எழுந்து, நான் போய்விடுகிறேன், பொருட்கள் இருக்கட்டும் என்றான்.

டார்கஸ் கை தூக்கவில்லை, அனுமதி கேட்கவில்லை. எழுந்தாள்.

"இந்தப் பையன் முட்டாள். எனக்கு ஆறு வருஷமாத் தெரியும். கேக் வாங்கவும் தெரியாது, எப்பவும் வெனிலா. ஆனா லாரிக்கு முன்னால நாங்க நின்னப்ப அவன் அங்க இருந்தான். ஆப்னர், நீ எங்க இருந்த?"

ஆப்னர் தண்ணீர் குடித்தார்.

"நீ இல்ல. உன் படம்தான் இருந்துச்சு. படத்துக்கு ஏசி போட்டு அனுப்பச் சொல்லிட்டு நீ காலைலயே ஓடிட்ட. அவங்க பொருளை எடுத்துட்டுப் போகட்டும். விஷத்தையும் சேத்து எடுத்துட்டுப் போகட்டும். இவன் இருக்கட்டும். முட்டாளா இருந்தாலும் நம்ம முட்டாள்."

கூட்டம் கை தூக்கிற்று. க்ளெமென்ட் இருந்தான். பொருட்கள் போயின.

இதை வெற்றி என்று சொல்ல எனக்கு நா வரவில்லை. போனவற்றில் சைலஸின் அப்பா செய்த மத்தளமும் ஒன்று. அதில் விஷம்கூட இல்லை. லாரி கிளம்பும்போது சைலஸ் நாற்காலியில் வந்து பார்த்தான். "திருப்பி வாங்கிடலாம் சித்தப்பா, எழுதிக்கிட்டே இருக்கேன்," என்றான் க்ளெமென்ட். "பேரை ஒழுங்கா எழுது," என்றான் சைலஸ். அந்தக் குளிர்காலத்தில் செத்துப்போனான். மத்தளம் இன்னும் வரவில்லை. சாவு வீட்டில் டார்கஸ், இந்த மனுஷன் பிங்கோவில் திருட்டாட்டம் ஆடுவான் என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அழுதாள்.

அடுத்த தேர்தலில் அவளை நிலையத்தின் குழுவில் உறுப்பினராக்கினார்கள். வாயை அடைக்கலாம் என்ற நப்பாசை. அவள் கூட்டத்துக்குக் காலுறை பின்னுவதற்கு நூலோடு வந்து எல்லாவற்றையும் எதிர்த்து ஓட்டுப் போட்டாள். அதில் சில காரியங்கள் நடந்தன. கடனாக இல்லாமல் எங்களுக்கே திரும்பி வந்து மிஞ்சியவற்றில் எந்தெந்தப் பொருளில் விஷம் என்று வாசலிலேயே பெரிதாக எழுதி வைத்தார்கள். ஒருத்தரும் வராமல் போய்விடவில்லை. அதைப் பார்க்கத்தான் ஊரே திரண்டு வந்தது. வீடுகளில் இருந்த சுத்தமான பொருட்களைச் சிலர் தாமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள், கல்யாணத்துக்கும், குழந்தையை முதன்முதலில் கூடாரத்துக்கு வெளியே நடத்திவரும் சடங்குக்கும் எடுத்துப் போகலாம் என்ற நிபந்தனையோடு. மணிக்குல்லாவுக்கும் ஒரு இழுப்பறை இருக்கிறது. வியாழக்கிழமைகளில் அது காலி. இதில் கேவலம் என்னவென்றால், இரவல் வாங்கிப் போகிறவர்களிடம் டார்கஸ் கையை நீட்டச் சொல்லி நகத்தைப் பார்க்கிறாள். "கழுவிட்டு வா. என்ன நினைச்ச, இது உங்க வீட்டுக் கந்தலா?" க்ளெமென்ட் ஒருபோதும் இவ்வளவு கொடுமை செய்ததில்லை.

போன வருஷம் மறுபடி ஒரு நன்கொடை வந்தது. நிலையத்துக்கு ஒரு புதுப் பகுதி கட்டி, அதற்கு டார்கஸ் மத்தூஷின் பெயரை வைக்கலாம் என்று க்ளெமென்ட் முன்மொழிந்தான். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் ஒரு கண்ணியைத் தவறவிட்டு, அதை எடுத்து, பின்னி முடித்த பிறகுதான் தலை நிமிர்ந்தாள்.

"பேரை நான் செத்தப்புறம் எங்க வேணா எழுதிக்கோ. இப்ப அதுல ஒரு பஸ் வாங்கு."

"அத்தை, இது பண்பாட்டுக்குன்னு கொடுத்தது."

"நாங்க ஏறிப் போவோம்ல? அப்ப அதுல பண்பாடு இருக்கும்."

வாங்கினார்கள். பக்கவாட்டில் நிலையத்தின் பெயரைப் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். செவ்வாய், வெள்ளியில் சிறுநீரக நோய்க்காரர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறது. மற்ற நாளில் பள்ளிப் பிள்ளைகளைக் காட்டு முகாமுக்கு. பல நாள் நான்தான் ஓட்டுகிறேன். ஹீட்டர் சரியாக வேலை செய்வதில்லை. டார்கஸ் எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு வளைவிலும் நான் எப்படி ஓட்டியிருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வருகிறாள்.